தெருவிலேயே சூடான வீடு

அக்கா: கதவுக்கு முன்னாடி ஏன்டா தூண் மாதிரி நிக்கிற? நகரு.

தம்பி: அப்பா தூங்குறாரு.

அக்கா: காலைல பதினோரு மணிக்கா?

தம்பி: வயசாச்சுல்ல... தூங்கட்டுமே.

அக்கா: விடியறதுக்கு முன்னாடி எழுந்து தெருவையே எழுப்பி விடுற மனுஷன். அவரு தூங்குறாராம். சாவியக் குடு.

தம்பி: எங்கிட்ட இல்ல.

அக்கா: இடுப்புல தொங்குதே, அது என்ன?

தம்பி: கடைச் சாவி.

அக்கா: கடைய விட்டுட்டு இங்க உனக்கு என்ன வேலை? கோடை வந்தா மூச்சு விட நேரமில்லன்னு அலட்டிக்குவியே. ஊரே ஏசி ஏசின்னு உன் வாசல்ல நிக்குமே.

தம்பி: சுண்ணாம்பு டாக்டர் வர்றாங்கன்னு அப்பா சொன்னாரு. தரிசனம் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன்.

அக்கா: சுண்ணாம்பு இல்ல. வெயிலத் திருப்பி அனுப்புற பூச்சு.

தம்பி: வெள்ளையா இருக்கு. மொட்டை மாடில பிரஷ் போட்டு அடிக்கிறாங்க. நாங்க அத சுண்ணாம்புன்னுதான் சொல்வோம்.

அக்கா: நீங்க எதத்தான் சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க?

தம்பி: சரி, நீயே சொல்லு. இத்தன வருஷம் படிச்சு, மாடி மாடியா ஏறி இறங்கி, என்ன கண்டுபிடிச்சே? கறுப்புச் சட்டை சுடும், வெள்ளைச் சட்டை சுடாது. இத நானே சொல்லியிருப்பேனே... படிக்காமலே.

அக்கா: எவ்வளவு சுடாதுன்னு சொல்லுவியா? எத்தன வீட்டுல ஏசியே வேண்டாம்னு ஆகும், அதனால கரண்டு எவ்வளவு மிச்சம், அந்தக் கரண்டுக்காக எரிக்கிற நிலக்கரில எவ்வளவு புகை குறையும்... இதெல்லாம் சொல்லுவியா?

தம்பி: மாட்டேன். சொன்னா என் பொழப்புல மண்ணு விழும்.

அக்கா: பொழப்பப் பத்தி நீ பேசாத. பழைய மெஷினக் கழட்டுறப்ப குழாயத் திறந்து உஸ்ஸுன்னு, நிலக்கரிப் புகையவிட ஆயிரம் மடங்கு பூமியச் சூடாக்குற கேஸ வெளிய விடுறியே... நூறு கூரைக்கு நான் வெள்ளை அடிச்சுச் சேத்து வச்சத, நீ ஒரு மத்தியானத்துல ஊதிட்டுப் போயிடுவ.

தம்பி: நான் விடுறதில்ல.

அக்கா: விடுறதில்லையா?

தம்பி: ...இப்ப விடுறதில்ல. நீ திட்டினதுக்கு அப்புறம் சிலிண்டர்ல புடிச்சிக்கறேன்.

அக்கா: பெரிய தியாகம். அதுலயும் பாரு, உள்ள ஒருத்தன் ஜில்லுனு படுத்திருக்க, அந்தச் சூட்ட எங்க தள்ளுறீங்க? சந்துல. அடுத்தவன் சன்னல்ல. வெளிய மாட்டுற அந்தப் பெட்டி முன்னாடி ஒரு நிமிஷம் நின்னா முகம் வெந்துடும். அதுக்குப் பேரு குளிர்சாதனமாம்.

தம்பி: ...ஆமா. அந்த இடம் ரொம்பச் சூடுதான்.

அக்கா: என்னடா, உடனே ஒத்துக்கிட்ட?

தம்பி: சும்மாதான். இன்னிக்கு வர்ற அந்த நகரசபைக் குழுவ நீ வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன். எதிர்ல வாத்தியார் வீடு இருக்கு. அதுக்கும் பூச்சு கிடையாது. நல்ல காப்பி போடுவாங்க.

அக்கா: நகரசபையே திரண்டு காப்பி குடிக்கவா வருது? ஊர்ல இருக்கற எல்லாத் தகர வீட்டுக்கும் காங்கிரீட் வீட்டுக்கும் பூச்சு அடிக்கலாமா வேண்டாமான்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க. வேண்டாம்னா எல்லாம் குப்பைத் தொட்டிக்கு. இதுல ஜெயிக்கலேன்னா என் ஆராய்ச்சிப் பிரிவையே இழுத்து மூடிடுவாங்க.

தம்பி: அதுக்கு இந்த வீடுதான் வேணுமா?

அக்கா: இந்த வீடுதான் வேணும். தெருவிலேயே சூடான வீடு இது. இங்க அவங்கள பத்து நிமிஷம் உக்கார வைப்பேன். சட்டை நனையட்டும். அப்புறம் பக்கத்துல தையல்காரர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். அதே கட்டடம், அதே செங்கல், பூச்சு மட்டும் உண்டு. அங்க உக்காந்ததும் அவங்களே பேனாவ எடுத்துக் கையெழுத்துப் போடுவாங்க.

தம்பி: நல்லா யோசிச்சிருக்கே.

அக்கா: நகரு.

தம்பி: இரு இரு. அவங்க கேள்வி கேப்பாங்கல்ல? நான்தான் குழுத் தலைவர்னு வச்சுக்க. கேக்கறேன், சொல்லு. ஏம்மா... இந்த வீடு ஏன் இவ்வளவு சூடு?

அக்கா: தலைவருக்கு உன் மூஞ்சி பொருந்தல.

தம்பி: பதில் சொல்லும்மா. நேரமாகுது.

அக்கா: ...ஐயா, எல்லா வீட்டுலயும் சுவத்துல ஒரு அளவுப் பெட்டி வச்சிருக்கோம். சூட்ட அளந்து அதுவே எங்க ஆபீசுக்கு அனுப்பிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மத்த வீடெல்லாம் ஆற ஆரம்பிக்குது. இந்த வீடு மட்டும் ஏறுது. விடியற வரைக்கும் இறங்கல.

தம்பி: ஒன்பது மணிக்கா?

அக்கா: டாண்ணு ஒன்பதுக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் ஒரு ஏத்தம் உண்டு.

தம்பி: ஏன்னு கண்டுபிடிச்சாச்சா?

அக்கா: பின்ன? கட்டடம் பழசு. பகலெல்லாம் குடிச்ச வெயில ராத்திரி உக்காந்து கக்குது. இத யாரும் இவ்வளவு தெளிவாப் புடிச்சதில்ல. அறிக்கைல ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கேன். பேரும் வச்சிருக்கேன். தாமத அனல்.

தம்பி: தாமத... அனல்.

அக்கா: சிரிக்கிறியா?

தம்பி: இருமல்.

அக்கா: உனக்கெல்லாம் சிரிப்புதான் வரும். வெளிநாட்டுல ஒரு பேராசிரியர் இத எடுத்துத் தன் வகுப்புல பாடமா நடத்துறாரு.

தம்பி: ஐயோ பாவம்.

அக்கா: யாரு பாவம்?

தம்பி: அந்தப் பிள்ளைங்க.

அக்கா: போடா. பொறாமை.

தம்பி: ஆமா, பொறாமைதான். நீ கோடை முழுக்க இந்த வீட்டுப் படி ஏறல. தெருமுனை வரைக்கும் வருவ, தையல்காரர் வீட்டுக்குப் போவ, வாத்தியார் வீட்டுக்குப் போவ. பெத்த அப்பன் வீட்டுக்கு வர மாட்ட.

அக்கா: அது விதி. சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள நான் காலடி வச்சா, அளவுல கை வச்சேன்னு பேசுவாங்க. அதான் பெட்டியப் பாக்கவும் வேற ஆளப் போட்டேன்.

தம்பி: அந்த ஆளும் வாசல்லயே நின்னு, பெட்டி நல்லா இருக்கான்னு கேட்டுட்டுப் போயிடுவான்.

அக்கா: என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. விதிய நீயே போட்டு நீயே மாட்டிக்கிட்டேன்னு சொல்றேன். சரி, அதென்ன கணக்கு? வரிசையா வீடு. தையல்காரருக்குப் பூச்சு, நமக்கு நாமம்?

அக்கா: எந்த வீட்டுக்குப் பூச்சு, எந்த வீட்டுக்கு இல்லன்னு சீட்டு போட்டோம். விழுந்தது விழுந்ததுதான். சீட்டுக்கு அப்பன் ஆத்தா தெரியாது.

தம்பி: யாரு எடுத்தா?

அக்கா: நான்தான்.

தம்பி: உன் கையில ராசி இல்ல.

அக்கா: ...ராசி பாத்துப் பண்ற வேலை இல்ல இது. ஏன்டா, கதவுக்கடில என்ன இது? கால் ஜில்லுங்குது.

தம்பி: தரை கழுவினேன்.

அக்கா: நீ? தரை?

தம்பி: ஏன், கழுவக் கூடாதா?

அக்கா: உள்ள என்னமோ உறுமுது.

தம்பி: ஃபேன்.

அக்கா: ஃபேன் உறுமுமா? நகருடா... நகருன்னா...

அப்பா: யாருப்பா அது வாசல்ல? வந்தா உள்ள வாங்க, இல்லேன்னா கதவ நல்லாச் சாத்துங்க. குளிரெல்லாம் வெளிய போகுது.

தம்பி: தூக்கத்துல பேசுறாரு.

அக்கா: தள்ளு. பூட்டவே இல்லாத கதவுக்கா சாவி இல்லேன்னே?

அப்பா: அடடே, வாம்மா வா. எத்தன மாசம் ஆச்சு நீ இந்தப் படி ஏறி. செருப்பு அங்கேயே இருக்கட்டும். டேய், அக்காவுக்கு அந்தப் போர்வையக் குடு.

அக்கா: போர்வையா... அப்பா, நீங்க ஸ்வெட்டரா போட்டிருக்கீங்க?

அப்பா: இவன் பதினெட்டுல வச்சுட்டுப் போயிடுறான். அந்த ரிமோட்ல போடவும் அணைக்கவும்தான் தெரியும், குளிரக் குறைக்க எனக்குப் பிடிபடல.

அக்கா: இந்த மெஷின் எப்ப வந்துச்சு?

தம்பி: கொஞ்ச நாளாச்சு.

அக்கா: கொஞ்ச நாளுன்னா?

அப்பா: எப்பவும் ஓடாதும்மா. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தூக்கம். அப்புறம் ராத்திரி ஒன்பதுக்குப் போட்டா விடிஞ்சதும் அணைச்சிடுவேன். இன்னிக்குத்தான் காலைலேருந்தே போட்டு வச்சிருக்கேன். உன் ஆளுங்க வர்றாங்கல்ல, பெரிய மனுஷங்க, நம்ம வீட்டுல வேர்த்துப்போய் உக்காரக் கூடாது பாரு.

தம்பி: நான் அணைக்கத்தான் வந்தேன். ரிமோட்ட வேட்டில சுத்தி வச்சுக்கிட்டு குடுக்க மாட்டேங்கிறாரு.

அக்கா: சுவத்துல இருந்த பெட்டி எங்க?

அப்பா: பத்திரமா இருக்கும்மா. ஒரு கீறல் கிடையாது. தினமும் துணியால தொடைக்கிறேன்.

அக்கா: எங்க இருக்கு?

அப்பா: பின்னாடி சந்துல.

அக்கா: சந்துல எங்க?

தம்பி: ஏசியோட அவுட்டோர் பெட்டி பக்கத்துல.

அக்கா: பக்கத்துலன்னா?

தம்பி: ...முன்னாடி. அனல் காத்து வர்ற பக்கம்.

அக்கா: அடப் பாவி.

தம்பி: நானா வைக்கல. பெட்டி இங்கேயே இருந்தா ஏசி குளிர அளந்துடும், அவ ஆராய்ச்சி கெட்டுடும், நல்லாச் சூடா இருக்கற இடமாப் பாத்து வைடான்னாரு. அதவிடச் சூடான இடம் இந்த வீட்டுல இல்ல.

அக்கா: அப்ப ஒன்பது மணிக்கு ஏறினது...

தம்பி: நம்ம தாமத அனல்.

அக்கா: வாய மூடு.

தம்பி: அந்தப் பேராசிரியருக்கு போன் போட்டுச் சொல்லிடு. என் கம்ப்ரஸர் மாடல் நம்பர் தர்றேன், அதையும் பாடத்துல சேத்துக்கட்டும்.

அக்கா: சிரிடா. நல்லாச் சிரி. நான் ஊர் முழுக்கக் கத்திக்கிட்டிருக்கேன், மெஷின் வாங்காதீங்க, சூட்ட வெளிய தள்ளாதீங்கன்னு. என் அப்பன் வீட்டுலேயே நீ ஒண்ணக் கொண்டாந்து மாட்டி, அது கக்குற சூட்ட எனக்கே அளந்து அனுப்பியிருக்க. நானும் அத வச்சு அத்தியாயம் எழுதியிருக்கேன். என்ன புத்திடா உனக்கு? ஒரு அளவுல கை வச்சா மொத்தமும் போச்சு, தெரியுமா? ஒரே ஒரு வீட்ட மாத்தினாலும் மத்த எல்லா வீடும் பொய். அளவுல கை வைக்கிறவன மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

அப்பா: அவனத் திட்டாதம்மா. தப்பு என்னுது. நான் ஒழுங்காத்தான் இருந்தேன். சொன்னபடி இருந்தேன். ஃபேன்கூடப் போடல.

அக்கா: ஃபேன் போடலையா? ஏன்?

அப்பா: பூச்சு இல்லாத வீடு சூடாத்தான் இருக்கணும்னு நீதானே சொன்னே.

அக்கா: எப்பவும் போல இருங்கன்னு சொன்னேன்பா. எப்பவும் போல.

அப்பா: அதான். சன்னலச் சாத்திக்கிட்டேன். ஃபேன அணைச்சேன். வாத்தியார் வீட்டவிட நம்ம வீடு ஒரு டிகிரியாவது கூட இருக்கட்டும், உனக்கு ஒத்தாசையா இருக்கும்னு பாத்தேன். அந்தாளு வேற, எங்க வீடுதான் அதிகம்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சாரு. விட முடியுமா?

அக்கா: அப்பா... அந்த அனல்ல, கதவச் சாத்திக்கிட்டு...

அப்பா: கொஞ்ச நாள்தானேம்மா.

தம்பி: கொஞ்ச நாள்தான். அப்புறம் விழுந்துட்டாரு.

அப்பா: டேய்.

தம்பி: இருங்கப்பா. தெரியட்டும். கோடை தொடங்கின முதல் வாரமே. பாத்ரூம் வாசல்ல கிடந்தாரு. தையல்காரர்தான் பாத்துட்டு எனக்கு போன் பண்ணினாரு. உடம்பு நெருப்பா கொதிக்குது. பேச்சு குழறுது. நான் யாருன்னு என்னையே கேட்டாரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க ஆஸ்பத்திரில.

அக்கா: எனக்கு ஏன்டா சொல்லல?

தம்பி: நினைவு வந்ததும் அவரு வாங்கின முதல் சத்தியமே அதுதான். அவகிட்ட சொல்லாத, எல்லாத்தையும் நிறுத்திட்டு வந்து நிப்பா, ஆராய்ச்சி நின்னுடும்னு. வீட்டுக்கு வந்ததும் மெஷின மாட்டினேன். வேண்டாம்னு அழுதாரு. பெட்டிய வேற இடத்துல வைக்கிறேன்னு சொன்ன அப்புறம்தான் ஒத்துக்கிட்டாரு.

அக்கா: நான் போன் பண்ணினப்பெல்லாம் நல்லா இருக்கேன்னீங்களே. பின்னாடி என்ன சத்தம்னு கேட்டதுக்கு, தையல் மெஷின்னு சொன்னீங்களே.

அப்பா: நல்லாத்தானேம்மா இருக்கேன். பாரு, ஸ்வெட்டர் போடுற அளவுக்கு நல்லா இருக்கேன்... இப்ப என்ன? அழாதே. தெருமுனைல கார் சத்தம் கேக்குது, உன் ஆளுங்களாத்தான் இருக்கும். நான் ஒரு யோசனை சொல்றேன். இத அணைச்சிடறேன். சன்னலச் சாத்திடலாம். நான் ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டே வாசல்ல நிறுத்தி வைக்கிறேன், அதுக்குள்ள ரூம் பழையபடி சூடாகிடும். வந்து உக்காந்தா சட்டை நனையும். யாருக்குத் தெரியப் போகுது?

அக்கா: வேண்டாம்பா. ஓடட்டும்.

அப்பா: உன் வேலை?

அக்கா: நீங்க போய் நல்ல சட்டையாப் போடுங்க.

அப்பா: அந்த நீலச் சட்டை போடவா?

அக்கா: போடுங்க.

அப்பா: டேய், அக்காவ எதுவும் சொல்லாத. வாசல்ல போய் நான் பேசிக்கிட்டிருக்கேன்.

தம்பி: என்ன சொல்லப் போற அவங்ககிட்ட?

அக்கா: இந்த வீட்டக் கணக்குலேருந்து தூக்குங்கன்னு சொல்லுவேன். தாமத அனல் ஒரு மெக்கானிக்கோட வேலைன்னு சொல்லுவேன். சிரிப்பாங்க. நீ சிரிச்ச மாதிரியே.

தம்பி: நான் சிரிச்சது... சரி விடு. ஒண்ணு சொல்லட்டுமா? பெருமை அடிச்சுக்கக் கூடாது.

அக்கா: எதுல பெருமை அடிக்க, இந்த நிலைமைல?

தம்பி: அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப, தையல்காரர் என்னைக் கூப்பிட்டு அவர் வீட்டுல படுக்கச் சொன்னாரு. கொளுத்துற மத்தியானம். ஏசி கிடையாது. ஒரு ஃபேன். நான் நல்லாத் தூங்கினேன் அக்கா. எழுந்து மாடில ஏறி, அந்தப் பூச்சுல உள்ளங்கைய வச்சுப் பாத்தேன். நம்ம மாடில கை வச்சா தோல் உரிஞ்சிடும். அது சுடல.

அக்கா: சுடலையா?

தம்பி: வேலை செய்யுது. உன் சுண்ணாம்பு வேலை செய்யுது. வெளிய சொன்னா என் கடைய மூட வேண்டியதுதான், அதனால சொல்ல மாட்டேன். ஆனா உண்மை. அது நம்ம கூரைல இருந்திருந்தா, சன்னலச் சாத்திக்கிட்டு எவ்வளவு கிறுக்குத்தனம் பண்ணியிருந்தாலும் அப்பா விழுந்திருக்க மாட்டாரு.

அக்கா: போதும்.

தம்பி: உன்னைக் குத்திக் காட்டலக்கா. இத்தன நாள் உள்ளுக்குள்ள உன் மேல கோவம்தான் எனக்கு. அங்க உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். நீ என்ன பண்ணுவ? டப்பாக்குள்ள கைய விட்ட, வந்தத எடுத்த. அதுல உன் தப்பு என்ன இருக்கு? சீட்டு அப்படி விழுந்துச்சு.

அக்கா: விழலடா... நம்ம வீட்டுக்கு வெள்ளைன்னுதான் விழுந்துச்சு. அவ அப்பன் வீட்டுக்குப் பண்ணிக்கிட்டான்னு எவனும் என்னைச் சொல்லிடக் கூடாதுன்னு, தையல்காரர் சீட்டோட நான்தான் மாத்தி வச்சேன்.